இடக்கண்ணில் மூன்று வருடம் இருந்த வளையம்

என் கண்ணிலிருந்து முதலில் தொலைந்தது புள்ளிதான். மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா, ணகரத்துக்கு மூன்று சுழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குக் கூலியே. 46 வயதில் ஒரு சிறுகதைத் தொகுப்பு என் கையைத் தாண்டி அச்சுக்குப் போனது. புத்தகமாக வந்தபோது ஓரிடத்தில் ‘கண்’ ‘கண’ ஆகியிருந்தது, இன்னோரிடத்தில் ‘மண்’ ‘மண’ ஆகியிருந்தது. எழுதியவர் வயதில் மூத்தவர், கோபப்படவில்லை. “என்னம்மா, புள்ளியெல்லாம் எங்கே உதிர்ந்து போச்சு?” என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெள்ளெழுத்து. பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அது வந்த பிறகுதான் தெரிகிறது. கறுப்பு எழுத்து வெளுத்துப்போய்த் தாளோடு தாளாகிவிடுகிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சிறு வயதில் நெகிழ்வாக இருக்கும். பக்கத்தில் பார்க்கும்போது தசை இறுகும், லென்ஸ் தன்னால் உப்பும், குவியம் கிட்டே வரும். பத்து வயதுப் பிள்ளை ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூடத் தெளிவாகப் பார்த்துவிடும். வயது ஏற ஏற லென்ஸ் விறைத்துக்கொண்டே போகிறது. ஐம்பதைத் தொடும்போது பலருக்கு அந்தத் தூரம் அரை மீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. இது நோய் இல்லை, எல்லோருக்கும் வருவது. கண்ணை உருட்டும் பயிற்சிகளையும் சில மாதம் செய்து பார்த்தேன். லென்ஸின் விறைப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பிளஸ் 1.5 கண்ணாடி போட்டால் தீர்ந்தது. அப்படியிருக்க, எதற்காகக் கண்ணில் கத்தி படப் போனேன்? தாள், கணினித் திரை, அகராதி என்று மூன்று தூரத்துக்கு மாறி மாறிப் பார்க்கும் வேலை, கண்ணாடியைக் கழற்றி மாட்டியே பாதி நேரம் போகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மைதான், முழு உண்மை இல்லை. என் கண் கூர்மையானது என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. கண்ணாடியை அது ஏற்கவில்லை. இப்படி ஒரு முடிவை எடுக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வழக்கமாகப் பார்க்கும் கண் டாக்டர்தான் ஒரு மருத்துவ ஆய்வைப் பற்றிச் சொன்னார். கருவிழிக்குள், அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிவான படலத்துக்குள் (கார்னியா), ஒரு மெல்லிய கறுப்பு வளையத்தை வைப்பார்கள். இன்லே என்று பெயர். நடுவில் துளை, அவ்வளவுதான். நான் நம்பாத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு பழைய அட்டையில் ஊசியால் துளை போட்டு, “கண்ணாடியைக் கழற்றிட்டு இது வழியா படிங்க” என்றார். படித்தேன். மருந்துப் பெட்டியின் ஓரத்தில் இருந்த பொடி எழுத்துகூடத் தெரிந்தது. நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். எங்கிருந்தோ சிதறி வந்து படத்தைக் கலைக்கும் ஓரக் கதிர்களைத் துளை தடுத்துவிடுகிறது. நடுவில் வரும் கதிர்கள் மட்டும் உள்ளே போவதால் மங்கல் சுருங்குகிறது. ஊசித்துளைக் கேமராவுக்கு லென்ஸே தேவைப்படாததும் இதனால்தான். அந்த அட்டைச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும், நான்தான் கவனிக்கவில்லை. துளை வழியே பார்த்தபோது அறை சற்று இருண்டது. பின்னால் மூன்று வருடம் நான் பட்ட பாட்டில் பாதி, அந்த முதல் நிமிடத்திலேயே என் கண்முன் இருந்தது.

இந்த யோசனை புதிதல்ல. ஹோசே பர்ராக்கர் என்ற கண் மருத்துவர் 1949-லேயே கருவிழிக்குள் செயற்கைப் பொருளை வைத்துப் பார்வையைத் திருத்தலாம் என்று முயன்றார். கண்ணாடியும் பிளெக்ஸிகிளாஸும் வைத்துப் பார்த்தார், கருவிழி ஏற்கவில்லை. கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்காது. அதற்கு வேண்டிய ஊட்டம் உள்ளிருக்கும் நீரிலிருந்து வருகிறது, ஆக்சிஜன் வெளியே கண்ணீரிலிருந்து வருகிறது. நடுவில் ஒரு தகட்டைச் செருகினால் அந்தப் போக்குவரத்து தடைபட்டு, மேலிருக்கும் திசு பட்டினி கிடக்கும். அதற்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் தகட்டை மெலிதாக்கவும், சிறிதாக்கவும், சல்லடையாக்கவும்தான் பாடுபட்டார்கள். 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் முதன்முதலாக அனுமதித்த காம்ரா என்ற இன்லேயின் விட்டம் 3.8 மில்லிமீட்டர், நடுத் துளை 1.6 மில்லிமீட்டர். வளையம் முழுக்க ஊட்டம் கசிவதற்காக லேசரால் போட்ட 8,400 நுண்துளைகள் இருந்தன. 2016 ஜூனில் அனுமதி பெற்ற ரெயின்டிராப் வேறு வகை. அதில் துளை கிடையாது. நீர்ப்பசை போன்ற 2 மில்லிமீட்டர் வில்லை, கருவிழியின் நடுவைச் சற்று மேடாக்கிக் கிட்டப் பார்வையைக் கொடுக்கும். எனக்கு வைத்தது துளை வகையைச் சேர்ந்த ஒன்று. யாருடையது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

சேர்த்துக்கொள்ளும் முன் என்னைச் சோதித்த சோதனைகளை எண்ணினால் அறுவை சிகிச்சை ஒன்றுமே இல்லை. முதலில் எந்தக் கண்ணில் வைப்பது என்று பார்த்தார்கள். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்னச் சன்னல் விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் சன்னலை விட்டு நகராமல் நிற்கிறதோ, அதுதான் முந்திக்கொள்ளும் கண். எனக்கு வலது. வளையம் வைப்பது மற்றக் கண்ணில். தூரத்தையும் இருட்டையும் வலக்கண் பார்த்துக்கொள்ளும், கிட்டத்தை இடக்கண் பார்த்துக்கொள்ளும். மூளை இரண்டையும் சமரசம் செய்துகொள்ள வேண்டும். அது முடிகிறதா என்று பார்க்க ஐந்து நாள் இடக்கண்ணுக்கு மட்டும் கிட்டப் பவர் காண்டாக்ட் லென்ஸ் கொடுத்துப் பழகச் சொன்னார்கள். முதல் இரண்டு நாள் படி இறங்கும்போது கால் தடுமாறியது, மூன்றாம் நாள் மறந்துவிட்டேன். யாராவது இந்தப் படியைத் தாண்டி நேராக அறுவை மேசைக்கு அழைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கண்ணீர்ச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழ் இமைக்குள் சின்னக் காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் வைப்பார்கள். பத்து மில்லிமீட்டராவது நனைய வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எனக்கு வலது 14, இடது 11. “பாஸ் மேடம்” என்றார் சோதித்த பெண். தேர்வில் விளிம்பில் தேறிய பிள்ளைபோல் நானும் மகிழ்ந்துவிட்டேன். மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் பெண்களுக்குக் கண் வறட்சி கூடும் என்பதும், கருவிழியில் செய்யும் எந்த அறுவையும் அங்குள்ள நரம்பிழைகளை அறுத்து வறட்சியைக் கூட்டும் என்பதும் அன்று யாருக்கும் தெரியாத விஷயங்கள் அல்ல. நான் கேட்டிருக்க வேண்டும். பாஸா ஃபெயிலா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு மிச்சத்தில் பாஸ் என்று கேளுங்கள்.

ஒப்புதல் படிவம் பதினாறு பக்கம். தொழில் புத்தி, பேனாவோடுதான் உட்கார்ந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ‘வேண்டாம் எனில் இன்லேயை அகற்றலாம்’ என்று இருந்தது. டாக்டர் வாயால் சொன்னபோது அதையே “பழையபடி ஆயிடலாம்” என்றிருந்தார். அகற்றலாம் என்பதும் பழையபடி ஆகலாம் என்பதும் ஒன்றா? சுவரில் ஆணி அடித்துப் பிடுங்கினால் ஆணி போய்விடும், ஓட்டை போகாது. இதைக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்க சொல்றது சரிதான். எடுத்தவங்க பலருக்குப் பழைய பார்வை கிட்டத்தட்ட வந்திருக்கு. அதே அளவு வரும்னு எழுதித் தர முடியாது” என்றார். அந்த நேர்மைக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். அகற்றும் செலவு, சொட்டு மருந்துச் செலவு, பின்னால் வரும் கோளாறுக்கான சிகிச்சை எல்லாம் யார் பொறுப்பு என்று கேட்டு, பதிலைப் படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். ஒன்றை மட்டும் கேட்கத் தோன்றவில்லை: செய்த நிறுவனமே நாளைக்கு இல்லாமல் போனால்?

2016-இன் தொடக்கத்தில் வைத்தார்கள். மரப்புச் சொட்டு, இமை திறந்து நிற்க ஒரு கம்பி, கண்ணை அசையாமல் பிடிக்கும் ஓர் உறிஞ்சு வளையம். லேசர் கருவிழிக்குள் ஒரு பை வெட்டியது. அதற்குள் வளையத்தை நுழைத்து, நான் பார்க்கும் திசைக்கு நேராகத் துளையை நிறுத்தினார்கள். வலி இல்லை, அழுத்தம் இருந்தது. கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்தில் எனக்குப் புள்ளி திரும்பக் கிடைத்தது. காலை வெளிச்சத்தில் சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாமல், பத்துப் புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்தில் இருந்த ஒரு கவிதைத் தொகுப்பு முழுவதையும் பார்த்து முடித்தேன். அழுகை வந்தது. தூரப் பார்வையும் கெடவில்லை. மூன்றாம் மாதச் சோதனையில், அட்டையில் அவர்கள் எதிர்பார்த்ததைவிட ஒரு வரி கூடுதலாகவே படித்தேன். அறையில் இருந்தவர்கள் கைதட்டாத குறை.

அன்றைக்குச் சாயங்காலம் கைபேசிப் பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாளைக் கட்டிலில் சாய்ந்தபடி படிக்க முயன்றேன். ஓர் எழுத்தும் தெரியவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டேன். மருத்துவமனை அட்டை சரியான தூரத்தில், பளிச்சென்ற வெளிச்சத்தில், வெள்ளைத்தாளில் கட்டைக் கறுப்பில் இருக்கிறது. துளைக்கு அதுதான் ஏற்ற இடம். வீட்டில் வெளிச்சம் சோம்பேறி, தாள் பழுப்பு, மை வெளிறல். காம்ராவை 508 பேருக்கு வைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு வருடத்தில் அளக்க முடிந்தவர்களில் 83.5 சதவீதம் பேர் கண்ணாடி இல்லாமல் 20/40 அளவைத் தொட்டார்கள். செய்தித்தாள் படிக்கப் போதுமான பார்வை அது. அந்த எண்ணை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அது அட்டையின் முன் அமர்ந்த கண்ணைப் பற்றிய எண். கட்டிலில் சாய்ந்த கண்ணைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அதனால் நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் நூறு புள்ளிகள் உள்ள ஒரு பகுதியை எடுப்பேன். அதில் பத்தை வேண்டுமென்றே அழித்து, வேறு பல இடங்களில் தேவையில்லாத புள்ளி சேர்த்து, என் மகள் அச்செடுத்துத் தருவாள். இடக்கண்ணால் மட்டும் படிக்க வேண்டும். சன்னலோரத்தில் ஒரு முறை, குழல் விளக்கின் கீழ் ஒரு முறை, படுக்கை விளக்கில் ஒரு முறை. ஒரே பகுதியைத் திரும்பப் படித்தால் மனப்பாடம் ஆகிவிடும், ஆகவே வாராவாரம் புதிது. எத்தனை தவறு என்று நோட்டில் குறிப்பேன். முதல் வருட முடிவில் சன்னலோரத்தில் ஒன்றோ இரண்டோ தவறு, குழல் விளக்கில் நான்கைந்து, படுக்கை விளக்கில் இருபதுக்கு மேல். வீட்டில் எல்லா விளக்கையும் மாற்றினேன். இந்த வளையத்தோடு வாழ்வதென்றால் அறுவைக்கு ஆகிற கவனத்தில் பாதியை விளக்குக்குக் கொடுக்க வேண்டும்.

மற்றத் தொல்லைகளும் இருந்தன. இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி ஓர் ஒளிவட்டம். வலக்கண்ணை மூடினால் உலகம் ஒரு படி இருட்டு. பதினோராம் மில்லிமீட்டரில் தேறிய கண் அல்லவா, வறட்சி வந்தது. செயற்கைக் கண்ணீரைப் பையிலும் மேசையிலும் தலையணைக்குப் பக்கத்திலும் வைத்திருந்தேன். கண்ணீர் காய்ந்தால் துளை வழியே தெரிவதும் கலங்கும். மங்குகிறது என்று பதறுவதற்கு முன் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது என்று பழகிக்கொண்டேன்.

இரண்டாம் வருடச் சந்திப்பில் கொடுத்த வினாத்தாளில் ‘இதே முடிவை மறுபடியும் எடுப்பீர்களா?’ என்றொரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். ஆம் என்று குறியிட்டு, ஓரத்தில் ‘பகலில்’ என்று எழுதினேன். குறிப்பெடுத்த பெண் சிரித்துவிட்டு, “ஓரத்துல எழுதுறதை கம்ப்யூட்டர் எடுத்துக்காது மேடம்” என்றார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆய்வில் சேர்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கட்டத்துக்குள் அடங்காத தொல்லையை வாயால் சொல்லி, டாக்டரின் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். நல்லவர்களை ஏமாற்றக் கூடாது என்று நினைத்து, நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்வது நம் சுபாவம். அந்த மரியாதை அடுத்து வருபவரின் கண்ணைப் பாதிக்கும்.

இரண்டு வருடம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைச் சோதனையை விட்டுவிட்டேன். சலிப்புதான் காரணம். 2018 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. ரெயின்டிராப் வைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் 75 சதவீதம் பேருக்குக் கருவிழியில் மங்கல் படர்ந்திருக்கிறது, 42 சதவீதம் பேருக்கு அது நட்டநடுவில், பார்வை போகும் வழியிலேயே இருக்கிறது, இனி யாருக்கும் வைக்க வேண்டாம் என்று அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. அனுமதி கொடுத்தபோது கையில் இருந்தது இரண்டு வருட விவரம். அந்த இரண்டு வருடத்தில் பத்தில் ஒன்பது பேர் அட்டையை நன்றாகவே படித்தார்கள். நிறுவனம் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கடையைக் கட்டியிருந்தது. நான் படிவத்தில் கேட்காமல் விட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது.

என்னுடையது வேறு வகை, வேறு பொருள். ஆனாலும் அந்த ஞாயிறு நோட்டைத் தேடி எடுத்தேன். சன்னலோரத்தில் ஒன்பது தவறு. அடுத்த வாரம் பதினொன்று. கண்ணீர்ச் சொட்டு விட்டும் குறையவில்லை. மருத்துவமனை அட்டையில் இன்னும் தேறிக்கொண்டுதான் இருந்தேன், ஒரு வரிதான் இறங்கியிருந்தது. நோட்டைக் காட்டிய பிறகு டாக்டர் விளக்குக் கருவியில் நெடுநேரம் பார்த்தார். வளையத்தின் உள்விளிம்பை ஒட்டி மெல்லிய புகைபோல் மங்கல். கண்ணின் பவரும் பிளஸ் பக்கம் சற்று நகர்ந்திருந்தது. உடம்பு அந்த வளையத்தை ஆறாத புண்ணாக நினைத்துத் தழும்பு கட்ட ஆரம்பித்திருந்தது.

ஸ்டீராய்டு சொட்டு கொடுத்தார்கள், மங்கல் குறைந்தது. நிறுத்தினால் திரும்ப வந்தது. இரண்டாம் சுற்றில் கண்ணின் அழுத்தம் 27-க்கு ஏறிவிட்டது, சாதாரணமாக 21-க்குள் இருக்க வேண்டும். ஸ்டீராய்டு சிலருக்கு இப்படிச் செய்யும், கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பே பாதிக்கப்படும், அதுவும் வலியில்லாமல். கண்ணில் ஸ்டீராய்டு விடுகிற யாரும் அழுத்தம் பார்க்காமல் வாரக்கணக்கில் தொடரக் கூடாது, மீந்த புட்டியை எடுத்துத் தானாகவே விடவும் கூடாது. அந்தக் கட்டத்தில் டாக்டர், “இன்னொரு சுற்று பார்க்கலாமா, எடுத்துடலாமா?” என்று கேட்டார். எடுத்துவிடலாம் என்றேன். மங்கல் முற்றிய பிறகு எடுத்தால் தழும்பு தங்கிவிடும் என்று அவரும் அதையே விரும்பினார் என்று பிறகு தெரிந்தது.

எடுக்க வைத்ததைவிடக் குறைந்த நேரம்தான் ஆனது. ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். பிளஸ் 2 கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ணகரத்தின் ஒரு சுழி அளவுகூட இல்லை.

பார்வை சில வாரம் ஏறி இறங்கியது, பிறகு நிலைத்தது. தூரத்துக்கு இடக்கண்ணில் பிளஸ் 0.5 மிச்சம். கருவியில் பார்த்தால் மங்கலான ஒரு வளையத்தடம் இன்றும் தெரிகிறதாம், எனக்குத் தெரிவதில்லை. வறட்சி பாதியாகக் குறைந்திருக்கிறது. இப்போது இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறேன், தாளுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று.

துளை யோசனை இதோடு செத்துவிடவில்லை. கண்பாவையைச் சுருக்கிச் சில மணி நேரத்துக்குக் கிட்டப் பார்வை தரும் பைலோகார்பின் சொட்டுக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் துளைதான், மருந்து தீர்ந்ததும் தானாக விரிந்துவிடும் துளை. கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸுக்குள்ளேயே துளை வளையம் பதித்த ஒன்றுக்கு 2022-இல் அனுமதி கொடுத்தார்கள். எப்படியும் ஒரு லென்ஸ் மாற்றத்தான் போகிறோம் என்கிற நிலையில் அதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். நன்றாக இருக்கும் கருவிழியைத் திறந்து வைப்பது வேறு கணக்கு. என்னிடம் யாராவது கேட்டால், இருட்டறையில் ஊசித்துளை அட்டை வழியே ஒரு பக்கம் படித்துப் பாருங்கள், பிறகு பேசலாம் என்கிறேன்.

என் கைப்பையில் ஒரு சீட்டு இருக்கிறது. இடக்கண்ணின் கருவிழியில் பை வெட்டப்பட்டது, வளையம் வைத்த மாதம், எடுத்த மாதம், வைக்கும் முன் இருந்த கருவிழி அளவுகள், ஸ்டீராய்டு சொட்டுக்கு அழுத்தம் ஏறும் உடம்பு. எனக்கும் ஒருநாள் கண்புரை வரும். அன்று வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுபவருக்கு இவை வேண்டும், அவர் இந்த டாக்டராக இருக்கப்போவதில்லை. மகளிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். பதினான்கு புள்ளி எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தாள். அவளுக்கும் நாற்பது நெருங்குகிறது.